தேங்கிப்போன ஒரு மாத வாசிப்பை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது, வாசிப்புத் தேக்கத்திலிருந்து மீள்வது எப்படி என்று. ஆனால் கேள்வியின் முக்கால் பங்கு அதைப் பற்றியதாக இல்லை. பிப்ரவரி மாதம் முழுக்க என்னென்ன புத்தகம் எடுத்தீர்கள், எதை எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று வரிசையாக எழுதிவிட்டு, “திரும்பிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, படிக்கும் திறனே போய்விட்டதா?” என்று முடித்திருக்கிறீர்கள். ஆகவே உண்மையான கேள்விகள் இரண்டு: அந்த மாதத்தில் என்ன நடந்தது, அதை வைத்து உங்களைப் பற்றி என்ன முடிவுக்கு வரலாம். மீள்வது மூன்றாவது கேள்வி. முதல் இரண்டுக்கும் விடை கிடைத்தால் அதில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

நான் பொது நூலகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர்ப்புற நூலகத்தில் தொடங்கி, கிளை நூலகங்கள், பிறகு மாவட்ட மைய நூலகம் என்று போயிற்று. புத்தகத்தை எடுத்துப் போகிற முகத்தையும் திருப்பிக் கொண்டுவருகிற முகத்தையும் பார்த்துப் பார்த்து வந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன். மருத்துவமோ உளவியலோ நான் முறையாகப் படித்தவை அல்ல. என் அனுபவத்தில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. வாசிப்பை அடியோடு விட்டவர்கள் நூலகத்துக்கு வருவதில்லை. நான் பார்த்ததெல்லாம் தேங்கி நின்று பிறகு திரும்பி வந்தவர்களைத்தான். அதனால் “எல்லோரும் மீண்டுவிடுவார்கள்” என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் என்பது வரைக்கும் சொல்லலாம்.

முதலில் உங்கள் பட்டியல். ஜனவரி புத்தகக் காட்சியில் பதினான்கு புத்தகம் வாங்கியிருக்கிறீர்கள். பிப்ரவரியில் எடுத்தவை: எழுநூறு பக்கச் சரித்திர நாவல், தொண்ணூறாம் பக்கத்தில் நின்றது. ரஷ்ய நாவல் ஒன்றின் மொழிபெயர்ப்பு, நாற்பதில் நின்றது. 160 பக்கச் சிறுகதைத் தொகுப்பு, முடித்தீர்கள். 64 பக்கக் கவிதைத் தொகுப்பு, முடித்தீர்கள். பள்ளி நாட்களில் படித்த, இருநூறு பக்கமுள்ள ஒரு துப்பறியும் நாவலை மறுபடி எடுத்து இரண்டே இரவில் முடித்தீர்கள். தொலைபேசியில் ஒரு சுயமுன்னேற்ற நூல் பாதி, ஒரு பொருளாதார நூல் முதல் அத்தியாயம்; இரண்டும் சேர்ந்து நூறு பக்கம் இருக்கலாம். இத்தனையையும் எழுதிவிட்டு, “ஒன்றுதான் படித்தேன்” என்கிறீர்கள். கவிதை மெலிந்த புத்தகம் என்பதால் சேர்த்தி இல்லை, மறுவாசிப்பு ஏமாற்று வேலை என்பதால் சேர்த்தி இல்லை, பாதியில் நின்றதெல்லாம் தோல்வி. இந்த நீதிமன்றத்தில் எந்த வாசகனும் தப்ப முடியாது.

பக்கத்தைக் கூட்டினால் சுமார் 650 வருகிறது. முன்பெல்லாம் மாதம் ஐந்தாறு புத்தகம் முடிப்பேன் என்கிறீர்கள். சராசரியாக 220 பக்கம் என்று வைத்தால் அது 1,100இலிருந்து 1,300 பக்கம். ஆக, ஆறிலிருந்து ஒன்றுக்கு விழவில்லை. ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருக்கிறது. பாதி என்பதும் இறக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விளக்கத்தை நீங்களே அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: “ஜனவரி கடைசியில் சிறுசேரிக்கு மாற்றல், இப்போது வண்டியில் போகிறேன்.” அதுவரை குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்சார ரயில்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. எல்லா நாளும் உட்கார இடம் கிடைத்திருக்காது; நின்றுகொண்டு வந்த நாளும், அலுவலக நண்பரோடு பேசிக்கொண்டு வந்த நாளும் இருந்திருக்கும். தாராளமாகக் கழித்துவிட்டு, நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் படித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 வேலை நாள், 22 மணி நேரம். நாவல் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆகும் என்றால் 880 பக்கம். அதாவது நீங்கள் பெருமையாகச் சொல்லும் ஐந்தாறு புத்தகத்தில் நான்கு, ரயிலில் முடிந்தவை. ரயிலுக்கு வெளியே அப்போது படித்தது 220இலிருந்து 420 பக்கம் வரைதான் இருந்திருக்கும். இந்தப் பிப்ரவரியில் ரயில் இல்லாமலே படித்தது 650. தேக்கம் என்று நீங்கள் சொல்கிற மாதத்தில், ரயிலுக்கு வெளியே முன்னைவிட அதிகமாகவே படித்திருக்கிறீர்கள். போனது திறன் அல்ல, ரயில். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. சென்னையின் மிகப் பெரிய வாசகசாலை அதுதான் என்பது என் கட்சி. அதில் உறுப்பினர் அட்டையை இழந்துவிட்டு, மூளையில் ஏதோ கோளாறு என்று பயந்துபோயிருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது ஊகம் என்று சொல்லிவிடுகிறேன். பயண நேரம் போனது உறுதி. பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் என்பது ஊகம். வாசிப்பு வேகத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை. 2019இல் மார்க் பிரைஸ்பார்ட் என்ற ஆய்வாளர் பல்வேறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் வேகம் கட்டுரை நூல்களில் நிமிடத்துக்கு 238 சொல், புனைவில் 260 சொல் என்று கண்டார். அதை அப்படியே தமிழுக்குத் தூக்கிவர முடியாது. ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாகச் சிதறிக் கிடப்பது நமக்கு ஒரே சொல்லில் அடங்கிவிடும். எனவே கடிகாரத்தை வைத்துக்கொண்டு உங்கள் கையில் இருக்கும் நாவலில் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் என்று வந்தால் என் 880 என்பது 660 ஆகிவிடும். அப்போதும் சரிவின் பெரும்பகுதியை ரயிலே விளக்கிவிடுகிறது.

முடித்த புத்தகங்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு மாதத்தை அளப்பதில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. நூலகங்களிலும் மாதா மாதம் அறிக்கை அனுப்ப வேண்டும்: வாசகர் வருகை இவ்வளவு, இரவல் போன நூல் இவ்வளவு. இரவல் போனது தெரியும், படிக்கப்பட்டதா என்பது அந்தத் தாளில் தெரியாது. தெரிந்துகொள்ள வேறு வழி உண்டு. திரும்பி வந்த பழைய நாவலை மூடி, அதன் வெட்டு விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். பல பேர் விரல் பட்ட பகுதி பழுப்பாக, லேசாகப் பிசுபிசுப்பாக இருக்கும். விரல் படாத பகுதி வெள்ளையாக இருக்கும். சில பெரிய நாவல்களில் அந்தப் பழுப்பு முதல் கால்வாசியோடு கோடு போட்டதுபோல நின்றுவிடும். அந்தக் கோட்டுக்கு அருகே ஒரு பஸ் டிக்கெட்டோ தீக்குச்சியோ கொண்டை ஊசியோ செருகியிருக்கும். அத்தனை வாசகர்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இறங்கிவிட்டிருக்கிறார்கள் என்றால், கோளாறு அத்தனை பேரிடமும் இருக்க முடியாது. ஒரு வம்சவரலாறோ, பதினைந்து பக்க வர்ணனையோ அங்கே கிடக்கும்.

அதனால் ஒரு மாதத்தைத் திரும்பிப் பார்க்கும்போது எத்தனை முடித்தோம் என்பதைவிட எங்கே, எந்த நேரத்தில், எந்த நிலையில் நின்றோம் என்று பார்ப்பதுதான் பயன் தரும். உங்கள் சரித்திர நாவலை அப்படிப் பார்ப்போம். இரவு பத்தரைக்கு மேல், படுக்கையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைமாட்டு விளக்கில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். தொண்ணூறு பக்கம் வந்ததே பெரிய காரியம். அந்த எடையுள்ள புத்தகத்தைப் படுத்துக்கொண்டு பத்து நிமிடம் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். அது போகட்டும். இவ்வகை நாவல்கள் பல, வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து 1954 வரை வாரா வாரம் வந்தது. வெளிவந்த காலத்தில் அதைப் படித்தவர்கள் ஒரு வாரத்துக்கு உரியதைப் படித்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் அடுத்து என்ன ஆகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும், அடுத்தது முன் வாரத்தை லேசாக நினைவூட்டித் தொடங்கும். அந்தக் கட்டுமானத்தை ஒரே மூச்சில் எழுநூறு பக்கமாக விழுங்கினால், நினைவூட்டல் சலிப்பாகவும் கொக்கி செயற்கையாகவும் தெரியும். பழைய வீடுகளில் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து பைண்டு செய்த தொகுதிகள் இருக்கும். பக்கத்தின் பின்புறம் பாதி நகைச்சுவைத் துணுக்கும் தலைவலி மாத்திரை விளம்பரமுமாக. அதைப் படிக்கிறவர்கள் இயல்பாகவே இளைப்பாறி இளைப்பாறித்தான் படிப்பார்கள். உங்கள் நாவலும் தொடராக வந்ததா என்று முன்னுரையில் பாருங்கள். வந்திருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் போகாதீர்கள். வாசிப்பு ஓடாததால் சொல்லவில்லை. அந்த நாவல் அப்படிப் படிப்பதற்காக எழுதப்பட்டது.

அடுத்து நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன இன்னொரு விஷயம்: வயது 43, “பத்துப் பக்கத்துக்குள் கண் எரிகிறது, வரிகள் மங்குகின்றன, தூக்கம் வந்துவிடுகிறது.” ஐயா, இது வெள்ளெழுத்தாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நாற்பதைத் தாண்டும்போது கண்ணின் உள்வில்லை இறுகி, அருகில் உள்ளதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறைவது எல்லோருக்கும் நடப்பது. சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. உங்களுக்கு அது வந்துவிட்டதா என்பதைக் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இரவில் மங்கிய அதே பக்கத்தை மாடியிலோ வாசலிலோ வைத்துப் படியுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணின் பாவை சுருங்கும். அதனால் குவியம் கொஞ்சம் தவறினாலும் எழுத்து தெளிவாகத் தெரியும். காலையில் முப்பது பக்கம் தடங்கலில்லாமல் ஓடினால், இரவில் குற்றவாளி நாவலும் அல்ல, மனமும் அல்ல. கண்ணும் விளக்கும்தான்.

நூலகத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் அடுக்கின் முன் நின்று, புத்தகத்தைத் திறந்து கையை நீட்டிப் பிடித்து, பிறகு மூடி வைத்துவிட்டு, “இப்போதெல்லாம் எழுதுகிறவர்கள் சரியில்லை” என்று போவார். கொஞ்ச நாள் கழித்துச் சட்டைப்பையில் கண்ணாடியோடு வருவார். அதே எழுத்தாளர்கள் நன்றாக எழுதத் தொடங்கியிருப்பார்கள்.

ரஷ்ய நாவல் நாற்பதாம் பக்கத்தில் நின்றதற்குக் காரணம் வேறு. அங்கே ஒரே மனிதருக்கு மூன்று பெயர்: இயற்பெயர், தந்தை பெயரோடு சேர்த்து மரியாதையாக அழைக்கும் வடிவம், வீட்டார் அழைக்கும் செல்லப்பெயர். இது தெரியாமல் நுழைந்தால் ஐந்து பேர் உள்ள குடும்பம் பதினைந்து பேர் கூட்டமாகத் தெரியும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள் மலிவு விலையில் இங்கே வந்த காலத்தில், எங்கள் வாசகர்கள் பின் அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் பெயர்ப் பட்டியல் போட்டுவைப்பார்கள்: இவர்தான் அவர், இவள் அவருக்குத் தங்கை என்று. நூலக விதிப்படி அது குற்றம். ஆனால் அந்தப் பிரதிகள்தான் கடைசிப் பக்கம் வரை பழுப்பேறியிருந்தன. நீங்கள் உங்கள் சொந்தப் புத்தகத்தில் தயங்காமல் எழுதிக்கொள்ளலாம். இன்னொன்று, இந்த நாவலை விட்டுவிட்டு ஆறு நாள் கழித்து எடுத்தேன் என்கிறீர்கள். ஆறு நாள் இடைவெளியில் பெயர்கள் மறந்துபோகும். திரும்ப முதலிலிருந்து தொடங்க மனம் வராது. அதுவே ஒரு பாரமாகிவிடும். பெரிய நாவல்கள் பாதியில் நிற்பதற்கு அலுப்பைவிட இந்த இடைவெளிதான் அதிகக் காரணம் என்பது என் கணிப்பு. கணிப்புதான், இதை நான் அளந்து பார்த்ததில்லை.

தொலைபேசிதான் கவனத்தைத் தின்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் தெளிவாகத் தெரிந்தது கொஞ்சம், உரக்கச் சொல்லப்படுவது ஏராளம். மனிதனின் கவனம் எட்டு நொடியாகச் சுருங்கிவிட்டது, தங்கமீனைவிடக் குறைவு என்று ஒரு செய்தி சுற்றுகிறது அல்லவா? 2015இல் மைக்ரோசாஃப்டின் கனடா கிளை வெளியிட்ட ஓர் அறிக்கையிலிருந்து அது பரவியது. அந்த எண்ணுக்கு அடிப்படையான ஆய்வு எது என்று தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதைக் குப்பையில் போடலாம். கலிபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அளந்தது வேறு ரகம், நம்பத்தக்கது: 2004இல் கணினி முன் வேலை செய்பவர்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்தார்கள், பின்னாளில் அது 47 நொடி அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அது அலுவலகத் திரையில் தாவித் தாவி வேலை பார்ப்பதன் அளவு. அதே மனிதர் இரவில் நாவலைத் திறந்தாலும் 47 நொடிதான் தாங்குவார் என்று அதிலிருந்து பெற முடியாது. இரண்டே இரவில் இருநூறு பக்கத் துப்பறியும் நாவலை முடித்த உங்களிடம் போய் அதை யார் சொல்வார்கள்?

திரையா தாளா என்பதற்கு இன்னும் கொஞ்சம் உறுதியான விடை இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,70,000 பேரின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. தகவல் சொல்லும் நூல்களைத் தாளில் படித்தவர்கள், திரையில் படித்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். கதையில் அந்த வேறுபாடு தெரியவில்லை. நீங்கள் செய்தது இதற்கு நேர் எதிர்: கதையை எல்லாம் தாளில் வைத்துக்கொண்டு, பொருளாதாரத்தைத் தொலைபேசியில் திறந்திருக்கிறீர்கள். முடிந்தால் அதைத் தாளுக்கு மாற்றுங்கள். தொலைபேசி பக்கத்தில் சும்மா கிடந்தாலே சிந்தனை மங்கும் என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரி விடை கிடைக்கவில்லை. உண்மையோ இல்லையோ, அதைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து உட்காருவதற்குக் காசு செலவில்லை.

முடித்த மூன்றைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. சிறுகதைகளை அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில், ஒரு நாளைக்கு ஒன்றாகப் படித்திருக்கிறீர்கள். பகல் வெளிச்சம், நிமிர்ந்து உட்காரும் நாற்காலி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் அளவு. இரவில் இல்லாத மூன்றும் அங்கே கூடியிருக்கின்றன. மறுவாசிப்பில் பெயர்கள் தெரியும், கொலையாளி யார் என்பதும் தெரியும், ஆகவே எதையும் தவறவிடுவோமோ என்ற பதற்றம் கிடையாது. தேக்கத்திலிருந்து திரும்பி வந்த வாசகர்களில் பலர் நேரே புதிய பெரிய நாவலுக்குப் போனதில்லை. முதலில் கொஞ்ச நாள் பத்திரிகைப் பகுதியில் உட்காருவார்கள். பிறகு ஏற்கெனவே படித்த ஒன்றை எடுப்பார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு, “வீட்டில் ஒருவருக்கு” என்று சொல்லிக்கொண்டு. அதன் பிறகுதான் புதிய அடுக்குப் பக்கம் நடப்பார்கள். நீங்கள் யாரும் சொல்லாமலே அந்த வழியில் பாதி தூரம் வந்திருக்கிறீர்கள். அதை ஏமாற்று வேலை என்று தள்ளுபடி செய்யாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விடக் கூடாது. பிடித்த காரியங்களில் ஆர்வம் வற்றிப்போவது மனச்சோர்வு நோயின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. புத்தகம் மட்டுமல்லாமல் சாப்பாடு, பாட்டு, மனிதர்கள் என்று எதுவுமே ருசிக்காமல், நாளின் பெரும்பகுதி அப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதற்கு நூலகரிடம் மருந்து இல்லை. மருத்துவரிடம் போக வேண்டும், அல்லது 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் பேசலாம். உங்கள் கேள்வியில் ஞாயிறு சமையலைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் எழுதியிருக்கும் தொனியைப் பார்த்தால் உங்களுக்கு அது இல்லை என்றே தோன்றுகிறது. ஒரு கேள்வியைப் படித்துவிட்டு அதற்கு மேல் அடித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இதே மாதிரிப் பட்டியல் போடும் வேறு யாராவது இதைப் படிக்கலாம் என்பதாலும் சொல்கிறேன்.

இனி மார்ச் மாதத்துக்கு வருவோம். இத்தனை புத்தகம் என்று இலக்கு வைக்க வேண்டாம். இழந்தது ஓர் இடமும் ஒரு நேரமும் என்பதால், இன்னோர் இடத்தையும் நேரத்தையும் அதற்கு ஈடாகப் பிடியுங்கள். சாப்பாட்டு இடைவேளை ஏற்கெனவே வேலை செய்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். காலையில் நெரிசலுக்கு முன் கிளம்பி அரை மணி முன்னதாகச் சிறுசேரியில் இறங்கினால், அந்த அரை மணியை நாவலுக்குக் கொடுக்கலாம். ஒலிநூல் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம், காதில் இயர்போன் மாட்டிய மனிதனுக்குப் பின்னால் வரும் லாரி கேட்காது. சமைக்கும்போது கேளுங்கள், தாராளமாக. பழக்கம் ஊன்ற 21 நாள் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் செய்த ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவளவாக 66 நாள் ஆயிற்று. ஆளைப் பொறுத்து 18இலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை படிக்காமல் தூங்கிவிட்டால் குடி முழுகிவிடாது.

வாங்கிய பதினான்கில் மிச்சமுள்ளவற்றைக் கண்ணில் படாத அலமாரிக்கு மாற்றிவிட்டு, பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒரே ஒரு புத்தகம் இரவல் வாங்கிப் பாருங்கள். கெடு தேதி உள்ள புத்தகம் படிக்கப்படும் அளவுக்குச் சொந்தப் புத்தகம் படிக்கப்படுவதில்லை என்பது என் தொழில் அனுபவம். தொழில் பற்று என்றும் சொல்லலாம். நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாகச் சேர்ந்துதான் போகிறது. பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

கடைசியாக, பாதியில் நிற்கும் இரண்டு நாவல்களை என்ன செய்வது என்ற கேள்வி. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பது. ஒவ்வொரு நூலுக்கும் நீங்களே வாசகராக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் பொது நூலகத்தில் நூலகராக இருந்த நான்சி பேர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் வயதை நூறிலிருந்து கழித்து, மிஞ்சுகிற பக்கம் படித்தால் போதும். வாழ்நாள் குறையக் குறைய, மோசமான புத்தகத்துக்குத் தரும் அவகாசமும் குறைய வேண்டும் என்பது அதன் நியாயம். உங்கள் வயது 43 என்பதால், எந்தப் புத்தகத்துக்கும் ஐம்பது பக்கம் உங்கள் கடமை. சரித்திர நாவல் தொண்ணூறு பக்கம் வந்துவிட்டது; விட விரும்பினால் குற்ற உணர்ச்சியின்றி விடலாம். ஆனால் கண்ணையும் விளக்கையும் சரிசெய்யாமல் அதற்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமாக எனக்குப் படவில்லை. ரஷ்ய நாவலுக்கு இன்னும் பத்துப் பக்கம் பாக்கி. பெயர்ப் பட்டியல் போட்டுக்கொண்டு, தொடர்ச்சியாக நான்கைந்து நாள் கொடுத்துப் பாருங்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது அந்தச் சரித்திர நாவலையே பையில் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் மங்குகிறது, எவ்வளவு தூரத்தில் பிடித்துப் படிக்கிறீர்கள், படுத்தா உட்கார்ந்தா என்று அங்கேயே பிடித்துக் காட்டினால், வாசிப்புக் கண்ணாடியின் எண்ணை அந்தத் தூரத்துக்குத் தகுந்தபடி எழுதிக் கொடுப்பார்கள்.